திருடனுக்கு உயிர்ப்புள்ளி குறைவு

1

நான் உறுப்பினராக இருக்கும் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும். 'திருடன்: பலமும் பலவீனமும்' என்பது தலைப்பு. வீரனுக்கும் வைத்தியருக்கும் மந்திரவாதிக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. திருடன் மட்டும் பாக்கி. அச்சகத்தில் எனக்காகக் காத்திருக்கிறார்களாம். தலைவர் வைத்தி சார் தினமும் போன் செய்து தேனொழுகக் கேட்கிறார். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் போனை வைத்துவிடத் தோன்றுகிறது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதெல்லாம் என்ன கூத்து என்று தோன்றும். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து வாயாலேயே ஆடுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவர் கதை சொல்வார். 'குகைக்குள் நுழைகிறீர்கள், எதிரே இரும்புக் கதவு, பூட்டியிருக்கிறது' என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். நல்ல எண் விழுந்தால் கதவு திறக்கும். இல்லையென்றால் மேலேயிருந்து பாறை விழும். பாத்திரங்கள் நாலு வகை: வீரன் அடிப்பான், வைத்தியர் காயம் ஆற்றுவார், மந்திரவாதி மந்திரம் சொல்வார், திருடன் பூட்டைத் திறப்பான்.

இதில் யாரும் எழுதி வைக்கத் தேவையில்லாத விதி ஒன்று உண்டு. எந்த வகை வேண்டும் என்பதை ஆடுகிறவர் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறந்த வீட்டைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் யோசனை இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு வரவில்லை. நம் ஆட்களுக்கு வந்தது. அதுவும் பம்பாயில், ஏசி போட்ட ஹாலில், தமிழ் வளர்க்கும் மேடையில் வந்தது.

2

முதலில் பலத்தைச் சொல்லிவிடுகிறேன், கேட்டதற்கு மரியாதையாக.

திருடனுக்குக் கண் கூர்மை. மற்றவர்கள் அறைக்குள் நுழைந்ததும் அலமாரியைப் பார்ப்பார்கள். திருடன் தரையைப் பார்ப்பான். எந்தக் கல்லை மிதித்தால் அம்பு பாயும் என்பது அவனுக்குத்தான் தெரியும். சத்தமில்லாமல் நடப்பான். இடுக்கில் நுழைவான். அடைத்த கதவு என்று ஒன்று அவன் கணக்கில் கிடையாது.

நான் டோம்பிவிலியில் குடியிருக்கிறேன். செம்பூரில் சுங்கக் காகிதம் பார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை. காலை லோக்கலில் ஏறி குர்லாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். வீரன் அந்த வண்டியில் ஏறினால் சண்டை போட்டே தாணே ஸ்டேஷனோடு ஒழிவான். மந்திரவாதிக்குக் கை தூக்க இடம் இருக்காது. திருடன் மட்டும்தான் குர்லா வருவதற்கு முன்பே, யார் காலையும் மிதிக்காமல், கதவோரத்துக்கு வந்து நிற்பான். பிழைக்க வந்தவன் எல்லாருக்கும் இந்த ஊர் முதலில் கற்றுக்கொடுப்பது திருடன் வேலையைத்தான். ரேஷன் கார்டில் முகவரி மாற்றப் போனால் மின்சார பில் கேட்பார்கள். மின்சார பில்லில் பெயர் மாற்றப் போனால் ரேஷன் கார்டு கேட்பார்கள். அந்தப் பூட்டைத் திறக்க ஒரு திருடனை எனக்குக் காட்டிக் கொடுத்தார்கள். அலுவலக வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரே ஒரு பூட்டை மட்டும் யாராலும் திறக்க முடியவில்லை. சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் காலனிக்காரர்கள். அங்கே வாங்கிய சாதிச் சான்றிதழைக் கொண்டுபோய் என் மகள் யாழினியின் படிப்புக்காக இங்கே நீட்டினேன். மராட்டிக்கார அதிகாரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "யே இதர் நஹி சலேகா" என்றார். வேறு மாநிலத்தில் கொடுத்தது இந்த மாநிலச் சலுகைக்கு ஆகாதாம். தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், மறுபடியும் தாலுகா ஆபீஸ் என்று அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். சான்றிதழ் இங்கே செல்லாது. சாதி மட்டும் செல்லும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மன்றத்து மேடை தேவைப்பட்டது.

3

ஆபீசில் கூட வேலை செய்யும் மராட்டிப் பையன்கள்தான் எனக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கினார்கள். யாழினிக்கும் பிடித்துப்போனது. அவள் தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், அம்மாவிடம் மட்டும் அரைத் தமிழ். ழகரம் வராது. தன் பெயரையே யாலினி என்றுதான் சொல்வாள். ஆட்டத்தைத் தமிழில் வைத்தால் வாய்க்குப் பழகுமே என்று நினைத்தேன். விதிகளைத் தமிழில் எழுதினேன். மன்றத்தில் கேட்டதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன அறையைத் திறந்துவிட்டார்கள். 'இளைய தலைமுறைக்குத் தமிழ்' என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி கூடுமே, அதற்காக.

மன்றம் தாராவிப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்துகிறது. அங்கிருந்துதான் இசக்கி வந்தாள். அப்போது பத்தாவது படித்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், எங்கள் ஆட்கள்தான். அம்மா பை தைக்கும் பட்டறையில் வேலை. வந்த அன்றே நாலு வகையையும் கேட்டுவிட்டு, "நான் மந்திரவாதி அங்கிள்" என்றாள். பாத்திரத்துக்கு மின்னற்கொடி என்று பெயர் வைத்தாள். கதையில் மந்திரம் வந்தால் நான் எழுதிக் கொடுத்ததை ஓரம் தள்ளிவிட்டு, சொந்தமாகத் தமிழில் கட்டிச் சொல்வாள். மேசையில் இருக்கும் பிள்ளைகள் பகடையை மறந்துவிட்டு வாய் பார்ப்பார்கள். யாழினிக்கு அவள் 'இசக்கி தீதி', அதாவது அக்கா. அவளைப் பார்த்துத்தான் என் மகள் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசக் கற்றுக்கொண்டாள்.

இங்கே என் தயிர்சாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு யூரிக் ஆசிட் ஏறி, கால் பெருவிரல் வீங்கி, டாக்டர் ஆட்டுக்கறியை நிறுத்தச் சொல்லிவிட்டார். மன்றத்தில் எல்லாரையும் பிக்னிக் கூட்டிக்கொண்டு போனபோது, பிரியாணி வரிசையை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே தயிர்சாத வரிசையில் நின்றேன். அங்கே வைத்தி சார் என் தோளில் கை போட்டார். பம்பாய்த் தமிழர்களின் அக்ரகாரமான மாட்டுங்காவில் வாசம், பேங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அன்று முதல் என்னைக் கண்டால் அவருக்கு ஒரே பிரியம். "வாங்கோ செல்வம் சார்" என்று எழுந்து நிற்பார். அவரோடு பழகி எனக்கும் ஒரு நாள் "வந்துட்டேளா" என்று வாயில் வந்துவிட்டது. வீட்டில் மனைவி சிரித்த சிரிப்புக்கு அளவே இல்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பிரியத்துக்குக் காரணம் என் பெருவிரல் வீக்கம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

4

போன வருட ஆண்டு விழாவில் இந்த ஆட்டத்தை மேடையில் ஆடிக் காட்டுவது என்று முடிவாயிற்று. ஒரு புதையல் குகைக் கதை எழுதினேன். இசக்கி மந்திரவாதி, யாழினி திருடன், இன்னும் இரண்டு பிள்ளைகள் வீரனும் வைத்தியரும். பல வாரம் பழகினார்கள். இசக்கியின் அம்மா பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, பட்டுச்சேலை கட்டி, இரண்டாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

திரை தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வைத்தி சார் மேடைக்குப் பின்னால் வந்தார். கூடவே பொருளாளர் பொன்னையா அண்ணாச்சி. தாராவியில் பலசரக்குக் கடை வைத்து முன்னேறி இப்போது செம்பூரில் பிளாட் வாங்கியிருப்பவர். இவர்கள் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. விழாச் சாப்பாட்டில் பிரியாணி போடலாமா கூடாதா என்று வருடம் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு, முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள்.

"செல்வம் சார், ஒரு சின்ன மாத்தம்" என்றார் வைத்தி சார். "மேடைன்னு வந்துட்டா பாக்கறதுக்கு ஒரு பொருத்தம் வேணுமோல்லியோ? யாழினி மந்திரவாதியா வரட்டும். தாராவிலேர்ந்து வர அந்தப் பொண்ணு திருடனா வரட்டும். அதுகளுக்கு ஓடறது, ஒளியறது எல்லாம் நன்னா வரும்."

"இசக்கிதான் சார் எப்பவும் மந்திரவாதி. அவ மாதிரி யாராலயும் சொல்ல முடியாது."

"இருக்கட்டுமே, இன்னிக்கு ஒரு நாள்தானே. மந்திரம்னா உச்சரிப்பு வேணும் சார். நம்மாத்துக் கொழந்தை சொன்னா அதுக்கு ஒரு களை."

நம்மாத்துக் குழந்தை என்றதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தயிர்சாதத்தைப் பார்த்து என்னைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டுதான் தோளில் கை போட்டதும் எழுந்து நின்றதும். தன் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத என் மகளுக்கு உச்சரிப்பாம்! நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் தலைவரை மறுத்துப் பேசுகிறவர், இதையும் மறுப்பார் என்று நம்பினேன்.

"தலைவர் சொல்லுதது சரிதான சார்" என்றார் அண்ணாச்சி. "அந்தந்த ஆளுக்கு அது அது பொருந்தணும்லா."

சாப்பாட்டில் ஒத்துப்போகாத இரண்டு பேர் இதில் ஒரு நொடியில் ஒத்துப்போனார்கள். மாட்டுங்காவும் தாராவியும் கைகுலுக்கிக்கொள்ள இந்த ஊரில் ஒரு விஷயம்தான் உண்டு போலிருக்கிறது.

"மாத்த முடியாது சார். இல்லேன்னா ஆட்டமே வேண்டாம்" என்று நான் குரலை உயர்த்தினேன். அதற்குள் என் பின்னால் நின்ற இசக்கி கையை நீட்டி, திருடன் அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"குடுங்க அங்கிள். அம்மா வந்து உக்காந்துட்டா. இப்பப் போய் ஆட்டம் இல்லன்னு சொன்னா எப்படி?"

மந்திரவாதி அட்டையை எடுத்து யாழினியிடம் கொடுத்தேன். திரை தூக்கினார்கள்.

5

இப்போது பலவீனத்துக்கு வருகிறேன்.

திருடனுக்கு உயிர்ப்புள்ளி குறைவு. வீரன் பத்து அடி தாங்குவான் என்றால் இவன் மூன்று தாங்கினால் அதிசயம். இரும்புக் கவசம் போடக் கூடாது, தோல்தான். இருட்டறைக்குள் முதலில் போகச் சொல்லி எல்லாரும் இவனைத்தான் தள்ளுவார்கள். பொறியில் சிக்கினால் 'பார்த்துப் போகக் கூடாதா' என்பார்கள். சிக்காமல் திரும்பி வந்தால் அறையில் ஒன்றும் இல்லை போலும் என்று அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். கூட்டத்தில் யார் பொருள் காணாமல் போனாலும் எல்லாக் கண்ணும் இவன் பக்கம் திரும்பும்.

இவை விதிப்புத்தகத்தில் இருப்பவை. புத்தகத்தில் இல்லாத பலவீனத்தை அன்று மேடையில் பார்த்தேன். மற்ற வகைகளை நன்றாக ஆடினால் ஆடுகிறவருக்குப் பெயர். திருடனை நன்றாக ஆடினால், ஆடுகிறவரைப் பற்றி ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

இசக்கி நன்றாகத்தான் ஆடினாள். அவளுக்கு எதையும் மோசமாகச் செய்யத் தெரியாது. பதுங்கி நடந்தாள். காவலாளி இடுப்பிலிருந்து சாவியை உருவுவது போல இரண்டு விரலைக் காட்டினாள். பகடையை உருட்டினாள், இருபது விழுந்தது. கூட்டம் விசில் அடித்தது. பக்கத்தில் யாழினி மந்திரம் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் அட்டையைப் பார்த்துத் திணறினாள். தமிழ் எழுத்து அவளுக்குக் கூட்டிப் படித்தால்தான் வரும். இசக்கி உதடு அசையாமல் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தாள். யாழினி திருப்பிச் சொன்னாள். முதல் வரிசை முழுக்க யாழினிக்குக் கைதட்டியது.

ஆட்டம் முடிந்ததும் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார்.

"அந்தத் திருடனா வந்த பிள்ளையப் பாத்தியளா? என்னமா இயல்பா வருது! முன்வரிசையில இருக்கவங்க எல்லாம் பர்ஸத் தொட்டுப் பாத்துக்கிடுங்க!"

ஹால் முழுக்கச் சிரித்தது. நல்ல மனிதர்கள், படித்தவர்கள், டியூஷனுக்கு நன்கொடை தருகிறவர்கள், எல்லாரும் சிரித்தார்கள். ஒன்றிரண்டு பேர் விளையாட்டாகப் பையைத் தொட்டும் பார்த்தார்கள். இரண்டாவது வரிசையில் பட்டுச்சேலை கட்டிய ஒருவர் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இசக்கி எல்லாருக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள். எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் வைத்தி சாரைத் தேடிப் பிடித்தேன். "சார், அந்தப் பொண்ணும் நாங்களும் ஒரே ஆட்கள்தான். எங்க ஊர்ல நாங்க காலனி. நான் கறி தின்னாததுக்குக் கால் வீக்கம்தான் காரணம்" என்றேன். அவர் வாயில் இருந்த ஜாங்கிரி அப்படியே நின்றது. பிறகு விழுங்கினார்.

"அப்படியா? பார்த்தா தெரியவே இல்லையே சார்!" என்றார்.

அதைப் பாராட்டாகச் சொன்னார். இந்த ஊருக்கு வந்த பிறகு எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன். லோக்கலில், ரேஷன் கடையில், போலீஸ் சௌக்கியில். எதுவும் அந்தப் பாராட்டு அளவுக்குச் சுட்டதில்லை.

6

அடுத்த ஞாயிறு முதல் இசக்கி வரவில்லை. போன் செய்தால் பரீட்சை என்பாள், பிறகு, இந்த ஊரில் பதினொன்றாவதே காலேஜ் என்பதால், காலேஜ் அட்மிஷன் என்றாள், பிறகு எடுப்பதே இல்லை. "தீதி ஏன் வர்றதில்ல?" என்று யாழினி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் டோம்பிவிலி பிளாட்பாரத்தில் வண்டிக்கு நின்றபோது எல்லாவற்றையும் சொன்னேன். தெரு, காலனி, யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை வைத்து ஆளை எடை போடுவது, எல்லாம். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"பட் அப்பா, அது ரோல்தானே? திருடன்தான் சப்சே மஸ்த். எனக்கு அதுதான் வேணும்னு அன்னிக்கு நானே ரோயா. சோடோ நா." எல்லாவற்றிலும் திருடன்தான் ஜோராம், அது போனதற்கு அன்று அவளே அழுதாளாம், விட்டுத் தள்ளு என்கிறாள்.

ஆட்டத்தின்படி அவள் சொன்னதில் தவறே இல்லை. ஊரில் எந்தத் தெரு என்று யாராவது கேட்டால் அவள் போனில் மேப்பைத் திறந்து காட்டுவாள். அவளுக்கு இது தெரியக் கூடாது என்றுதானே நான் இவ்வளவு தூரம் வந்தேன். தெரியாமல் வளர்ந்த பிள்ளையிடம் அன்று நானே நிற்க வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதைவிட அருவருப்பான வேலையை நான் செய்ததில்லை.

இந்த வருட விழாவுக்கு வைத்தி சார் போனில் கூப்பிட்டார். முன்னைவிட மரியாதை கூடியிருந்தது. எழுந்து நின்றுதான் பேசியிருப்பார். "மறுபடியும் உங்க ஆட்டம்தான் சார் ஹைலைட். மலருக்கும் எழுதித் தரணும். அப்பறம் யாழினி இந்தத் தடவை வீரனா வரட்டுமே, நல்ல உயரமா இருக்காளே" என்றார்.

மந்திரவாதியாக ஒரு வருடம் கூட இருக்க முடியவில்லை என் மகளால். உச்சரிப்பு போய் உயரம் வந்துவிட்டது.

"பிள்ளைகள் அவங்கவங்களுக்கு வேண்டியதை எடுப்பாங்க சார். அதுல யாராவது வாயைத் திறந்தா ஆட்டம் கிடையாது" என்றேன்.

"ஆஹா, பேஷா! நாங்க என்னிக்கு அதெல்லாம் பாத்திருக்கோம்?"

அவர் ஒத்துக்கொண்ட சந்தோஷத்தில், போன ஞாயிற்றுக்கிழமை இசக்கியைத் தேடிப் போனேன். அவள் வந்து மின்னற்கொடியாக அந்த மேடையில் ஒரு முறை நின்றுவிட்டால் போதும், மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும் என்று இருந்தது.

7

சயான் ஸ்டேஷனில் இறங்கித் தாராவிக்குள் நடந்தேன். அவர்கள் சந்து முனையிலேயே இசக்கி எதிரே வந்தாள், கையில் தண்ணீர் கேனோடு. காலேஜ் சேர்ந்த பிறகு கண்ணாடி போட்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நல்லது அங்கிள். ஆனா நான் வர முடியாது."

"அவங்க மேல கோவமா?"

"அவங்க மேல கோவப்பட எனக்கு எங்க டைம்? அம்மா விட மாட்டா." சந்துக்குள் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டா, 'இத்தன வேசம் இருக்கையில நீ ஏம்ட்டி அத எடுத்த?'ன்னு. நானா எடுத்தேன்னு நெனச்சிட்டா. அவங்கதான் குடுத்தாங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. எனக்குப் பிடிச்சுது, அதான் எடுத்தேன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா?"

"பட்டுச்சேல கட்டிட்டு வந்தால்ல அங்கிள். பட்டறையில எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்தா. பிள்ளைய மேடையில வச்சு அசிங்கப்படுத்துததப் பாக்கத்தான் நம்மளக் கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா, அவ தாங்க மாட்டா. என் புத்தி கெட்டுப் போச்சுன்னு நெனச்சா ரெண்டு அடியோட போயிரும். அடிச்சா. அதோட, இனிமே அந்த ஹால் பக்கம் கால் வைக்கக் கூடாதுன்னுட்டா."

"நான் வந்து உள்ளதைச் சொல்றேன். உன் மேல தப்பில்லன்னு அம்மாவுக்குத் தெரியட்டும்."

"வேண்டாம் அங்கிள்." இதுவரை அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. "என் மேல உள்ள கோவம் இப்பதான் கொறஞ்சிட்டு வருது. உள்ளது தெரிஞ்சா வர்ற வலி கொறையாது. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குள் மேலேயிருந்து, "யாருட்டி அது, சாரா?" என்று அவள் அம்மாவின் குரல் கேட்டது. திரும்பிப் போக வழியில்லை.

கீழே பை தைக்கும் பட்டறை, மேலே அவர்கள் அறை. இரும்பு ஏணியில் ஏறினேன். "வாங்க சார், நல்லாருக்கியளா?" என்று பாய் விரித்தார். ஸ்டவ்வில் டீக்கு வைத்தார். பிறகு இசக்கியின் அருகில் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்தச் சின்ன அறையில் குரலைத் தாழ்த்தி என்ன பயன்?

"கீழ கடையில பேப்பர் கப்பு ஒண்ணு வாங்கிட்டு வா. சாரு நம்ம டம்ளர்ல குடிக்க மாட்டாவ."

"டம்ளர்லயே குடுங்கம்மா" என்றேன்.

"பரவால்ல சார், இருங்க. எங்களுக்குத் தெரியாதா?"

இவரும் என்னை அப்படித்தான் நினைத்திருக்கிறார். எங்களுக்கும் காலனிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த கேள்வி, 'பின்ன உங்க பிள்ளைக்கு மட்டும் எப்படி மந்திரவாதி கிடைச்சுது?' என்பதுதான். அதற்குப் பதில் சொன்னால் இசக்கி மறைத்த அத்தனையும் வெளியே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

இசக்கி கப்போடு வந்தாள். அம்மா டீயை ஊற்றி என் முன்னால் வைத்தார். பிறகு எதிரே சுவரோரமாக உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும் சார். நீங்கதான அந்த வெளாட்டுக்கு வாத்தியாரு?"

"ஆமாம்மா."

"இவ சின்னப் பிள்ள, புத்தியில்லாம அத எடுத்துட்டா. 'வேண்டாம்ட்டி, இதப் பாத்து நாலு பேரு சிரிப்பான்'னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

இசக்கி ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கணும்மா. எனக்குத் தோணாமப் போச்சு."

"உங்களுக்கு எப்படித் தோணும்?" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "உங்க பிள்ளைக்கு மட்டும் நல்லதாப் பாத்து எடுத்துக் குடுத்துட்டிய."

டீ ஆறுகிறது, குடியுங்கள் என்று கையைக் காட்டினார். அந்தப் பேப்பர் கப்பில் இருந்ததை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.